வரிசையில் நின்ற ‘நிறுத்து’

வெள்ளிங்கிரி ‘நிறுத்து’ பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கக் கூடாதுதான், அதைக் காட்டத்தானே இத்தனை பேரை இந்தப் புழுக்கத்தில் நிற்க வைத்திருக்கிறேன் என்று பூங்கோதை தனக்குள் சொல்லிக்கொண்டாள். பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. நீல டிரம்மில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு வெறும் தண்ணீர். பதினாறு நாளைக்கு முன்னால் இதே குழாயில் வந்தது சுடச்சுடக் காஸ்டிக் கரைசல், குழாயின் மூட்டு கழன்று அது மாராத்தாள் என்ற தொழிலாளியின் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே கொட்டியது, அப்போது இதே கம்ப்யூட்டருக்கு முன்னால் இதே வெள்ளிங்கிரி நின்று இதே பட்டனை அழுத்தினார், அல்லது அழுத்தவில்லை, அதுதான் இப்போது கேள்வி. நாற்பத்து நான்கு நொடி தாமதமாகத்தான் அழுத்தினார் என்று அறிக்கை சொல்கிறது. பதினேழு பக்கம், வண்ணப் படங்களோடு, ஸ்பைரல் போட்டு. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்றில், இந்தக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய அவள் கம்பெனியின் டெக்னிகல் மேனேஜர் ஜெயசீலன் சார் பச்சை மையில் போட்டுவிட்டார். இன்னொன்று அவளுடையது. அவள் போட்டுவிட்டால் வெள்ளிங்கிரிக்கு வேலை போகும், போலீஸ் எழுதும் கேஸில் கவனக்குறைவு என்று அவர் பெயர் ஏறும். பத்தொன்பது வருஷமாக இந்தச் சாயப்பட்டறையில் நிற்கிற மனிதர். நேற்றுக் காலையில் அறிக்கையை நீட்டியபோது, “ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுப் போடறேன் சார்” என்று அவள் வாய் சொல்லிவிட்டது, அவளைக் கேட்காமலேயே. இப்போது பட்டறை மேனேஜர் அங்கமுத்து கைக்கடிகாரத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பவர் மாதிரி, “ஒண்ணு... ரெண்டு...” என்று சத்தமாக எண்ண ஆரம்பித்திருந்தார்.

வெள்ளிங்கிரி மறுபடி அழுத்தினார். மறுபடி. பாலித்தீன் உறை போட்ட மவுஸ், உறையெல்லாம் நீலமும் சிவப்புமாகக் கறை, அதன்மேல் அவருடைய பருத்த ஆள்காட்டி விரல். ஒருமுறை அழுத்தினால் போதும் அண்ணா என்று அவள் சொல்லியிருந்தாள், கேட்கவில்லை, யார்தான் கேட்பார்கள், நிற்காத ஒன்றை நிறுத்த நினைக்கிற மனுஷன் எண்ணிக்கொண்டா அழுத்துவான். அங்கமுத்து “அஞ்சு” என்றதும் திரை வெளுத்தது. மேலே தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்து உட்கார்ந்தது. வா ராசாத்தி, வா, என்று பூங்கோதை அந்த வெளுப்பைப் பார்த்து உள்ளுக்குள் சொன்னாள், ஏழு வருஷமாக எந்தத் திரையைப் பார்த்தால் அவளுக்கு ரத்தம் சுண்டுமோ அந்தத் திரையை இன்றைக்கு ஆரத்தி எடுத்து வரவேற்றாள். உள்ளே என்ன நடக்கிறது என்று இந்த அறையில் அவளுக்கு மட்டும் தெரியும், ஒருவேளை ஜெயசீலன் சாருக்கும் தெரியலாம், தெரிந்தால் தெரியாத மாதிரி நிற்கிறார். இந்தப் புரோகிராமுக்குள் வேலை செய்வது ஒரே ஒரு ஆள். ஒற்றை ஆள் நடத்தும் டீக்கடை மாதிரி, டீ ஆற்றுவதும் அவன், வடை போடுவதும் அவன், என்ன வேண்டும் என்று கேட்பதும் அவன். அவன் பால் வாங்கப் போய்விட்டால் கடைக்கு முன்னால் நீங்கள் என்ன கத்தினாலும் கேட்க ஆளில்லை. ஒவ்வொரு இருபது லிட்டர் ஊற்றி முடிந்ததும் ‘தவணை முடிந்தது’ என்று ஒரு ஈவென்ட் கிளம்பும். அதைக் கேட்டு மூன்று வேலைகள் நடக்கும். முதல் வேலை, திரையில் எண்ணை மாற்றுவது. இரண்டாவது, பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதுவது. மூன்றாவது, பட்டறையின் மெயின் ஆபீஸ் சர்வருக்குத் தகவல் அனுப்புவது. மூன்றையும் செய்வது அந்த ஒரே ஆள். ஒன்று முடிந்துதான் ஒன்று. மூன்றும் முடிந்துதான் அவன் திரும்பிப் பார்த்து, யாராவது பட்டனை அழுத்தினார்களா என்று கேட்பான். சர்வர் அணைந்து கிடந்தால் மூன்றாவது வேலை, பதில் வருமா வருமா என்று வாசலிலேயே நிற்கும். அதுவரைக்கும் வெள்ளிங்கிரியின் ‘நிறுத்து’ வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஈவென்ட் என்ற பேரே ஆளை ஏமாற்றுகிற பேர். ஏதோ சங்கு ஊதினாற்போல, ஊரெல்லாம் ஒரே நேரத்தில் கேட்டு அவரவர் பாட்டுக்கு எழுந்து வேலை பார்ப்பது போல ஒரு தோற்றம். கல்லூரியில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். அவள் நம்பவில்லை, எழுதிப் பார்த்திருந்தாள், ஒரு ஹேண்ட்லருக்குள், அதாவது ஈவென்ட்டைக் கேட்டு ஓடுகிற வேலைக்குள், பத்து நொடி தூங்கச் சொல்லிவிட்டு, அடுத்த வரி நகர்கிறதா என்று விடுதி அறையில் உட்கார்ந்து பார்த்திருந்தாள், நகரவில்லை. அதனால்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் நேர்முகத் தேர்வில் இதே ஜெயசீலன் சார், இன்னும் முடி நரைக்காத ஜெயசீலன் சார், “ஈவென்ட் ஹேண்ட்லர் எப்படி ஓடும், சின்க்ரனஸா அசின்க்ரனஸா?” என்று கேட்டபோது சட்டென்று சொன்னாள், “சின்க்ரனஸ் சார். கூப்பிட்ட வேலை முடியாம அடுத்த வரிக்குப் போகாது.” அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பெரிய மனுஷச் சிரிப்பு, சின்னப் பிள்ளை கணக்கைத் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே அது. “இல்லம்மா. ஈவென்ட்னாலே அது தனியா ஓடும். பரவால்ல, வேலைக்கு வந்து கத்துக்கலாம்.” அப்போது அவள் என்ன செய்தாள்? தலையை ஆட்டினாள். இங்கேதான் அவளுக்கு ஒவ்வொரு முறையும் மனசு போய்க் குத்திக்கொள்கிறது. தெரியாமல் ஆட்டியிருந்தால் பரவாயில்லை. தெரிந்தே ஆட்டினாள். வேலை வேண்டும், கரூரிலிருந்து அம்மா இரண்டு பஸ் மாறிக் கூட வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள், ஆட்டினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஆட்டினாள். ஒருமுறை ஆட்டிய தலை அப்புறம் நிற்பதில்லை. மீட்டிங்கில் ஆட்டியது, போனில் பேசும்போதுகூட யாரும் பார்க்காமலேயே ஆட்டியது. ஏழு வருஷம். “பதினொண்ணு” என்றார் அங்கமுத்து. அவர் குரலில் முதல் தடவையாக ஒரு சின்னச் சுருக்கம் விழுந்திருந்தது.

பதினொன்று. போதாது. பதினொரு நொடி என்றால், கம்ப்யூட்டர் பழசு, சூட்டில் கொஞ்சம் திணறுகிறது என்று ஜெயசீலன் சார் ஒரே வாக்கியத்தில் பூசி மெழுகிவிடுவார். அவர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், சட்டை இஸ்திரி கலையவில்லை, இந்த ஆளுக்கு வேர்க்கவே வேர்க்காதா. அவருக்குப் பின்னால் அந்தச் சிவப்புக் குமிழ். அவசரத்துக்கு ஓங்கி ஒரு குத்து விட்டால் எல்லாம் நிற்க வேண்டிய குமிழ். அதை அழுத்தினால் முழு லைனும் நின்றுவிடுகிறது, துணி வீணாகிறது என்று பட்டறைக்காரர்களே போன வருஷம் பின்னால் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, எது வந்தாலும் திரையில் இருக்கிற பட்டனையே அழுத்து என்று ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அறிக்கையில் அந்தக் குமிழைப் பற்றி ஒரு வரி கிடையாது. புரோகிராம் எழுதியவர்களுக்கும் பட்டறைக்கும் சேர்ந்து பழியைச் சுமக்க ஒரு தோள் தேவைப்பட்டது, வெள்ளிங்கிரியின் தோள் வாகாகக் கிடைத்தது. ஆனால் பூங்கோதை, நீ என்ன யோக்கியமா? பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. அந்த மூன்றாவது வேலையை ஜெயசீலன் சார் தானே எழுதிச் சேர்த்து, சரிபார்க்கச் சொல்லி அவளுக்கு அனுப்பினார். இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிட்டாள். ‘சர்வர் பதில் தராவிட்டால் திரை உறையும், நிறுத்து வேலை செய்யாது’ என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, ‘உறையும்’ என்று எழுதி அடித்து ‘சிக்கிக்கொள்ளும்’ என்று எழுதி மறுபடி ‘உறையும்’ என்று எழுதினாள். பத்து நிமிஷத்தில் அவர் அவள் மேஜைக்கே வந்தார். “பூங்கோதை, அது ஈவென்ட். அது பாட்டுக்கு ஓடும். இன்னிக்கு ரிலீஸ், அவங்க ஆபீஸ்ல ரிப்போர்ட் கேட்டுக் கத்துறாங்க. குறிப்பை எடுத்துடு, பார்க்கறதுக்கு அசிங்கமா இருக்கும்.” எடுத்துவிட்டாள். எழுதிய குறிப்பை அழித்துவிட்டு, பச்சை நிறத்தில் இருந்த ‘ஒப்புதல்’ பட்டனை அழுத்தினாள். அது மட்டும் உடனே வேலை செய்தது. இப்போது போய்த் தேடினால் குறிப்பின் சுவடுகூட இருக்காது. அவள் பெயர் மட்டும் தேதி நேரத்தோடு இருக்கும். அவள் எதிர்த்தாள் என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி ஜெயசீலன் சார்தான்.

“பதினெட்டு.” தண்ணீர் அடுத்த கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. பூங்கோதைக்குக் கழுத்தின் பின்பக்கம் வேர்வை கோடாக இறங்கியது. இனிமேல்தான் இருக்கிறது. இருபத்தொன்று. இறந்து கிடக்கிற சர்வரை ஒருமுறை கூப்பிட்டுக் கைவிட இந்தக் கம்ப்யூட்டருக்கு இருபத்தொரு நொடி ஆகும். ஜெயசீலன் சாரின் வேலையில், கிடைக்காவிட்டால் இன்னொரு முறை கூப்பிடு என்று எழுதியிருக்கிறது. இரண்டு இருபத்தொன்று நாற்பத்திரண்டு. விபத்தன்று மூட்டு கழன்று குழாயின் அழுத்தம் விழுந்ததாகப் பேனல் காட்டிய நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு, ஆறு நொடி. புரோகிராமில் ‘நிறுத்து’ பதிவான நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு, ஐம்பது நொடி. நாற்பத்து நான்கு நொடி இடைவெளி என்று பதிவில் பார்த்தவுடனேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஜெயசீலன் சார் ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்புத்தூரிலிருந்தே இந்தக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அந்த இரண்டாவது அழைப்பை எடுத்திருந்தால்? கோப்பின் தேதியைக் காலையில் வந்ததும் பார்த்தாள், பழைய தேதிதான். அப்புறம் ஒரு நிமிஷம்கூட இந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. டீ வந்தது, வேண்டாம் என்றாள். பாத்ரூம் போக வேண்டும் போல இருந்தது, அடக்கிக்கொண்டாள். தேதியையும் மாற்றலாமே. மாற்றத் தெரிந்தவர்தானே. இந்தச் சோதனைக்காக மெயின் ஆபீஸில் சர்வரை அணைக்கச் சொல்லியிருந்தாள், அணைத்தது நிஜம்தானா? ஜெயசீலன் சார் தன் சோதனையில் சர்வரை அணைக்கவில்லை, இந்தக் கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த நெட்வொர்க் வயரைப் பிடுங்கினார். அறிக்கையில் ஏழாம் பக்கம், படத்தோடு, ‘இணைப்பைத் துண்டித்த நிலையிலும் நிறுத்து உடனடியாக வேலை செய்தது’. செய்யும், ஏன் செய்யாது. வயரைப் பிடுங்கினால் பாதையே இல்லை என்று கம்ப்யூட்டருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும், கையை விரித்துவிட்டுத் திரும்பிவிடும். பாதை இருந்து, போய்ச் சேரும் இடத்தில் ஆள் இல்லாவிட்டால்தான் காத்துக்கொண்டு நிற்கும். விபத்தன்று வயர் நன்றாகத்தான் இருந்தது, மெயின் ஆபீஸில் பேட்டரி மாற்றுவதற்காக சர்வரை அணைத்திருந்தார்கள். இவ்வளவு சின்ன வித்தியாசம். இது தெரியாமல் அவர் செய்தாரா, தெரிந்து செய்தாரா என்று நாள்கணக்காக யோசிக்கிறாள், யோசித்துச் சலித்துவிட்டது. “இருவது” என்றார் அங்கமுத்து. “இருவத்தொண்ணு.” பூங்கோதை மூச்சை விடவில்லை. வெளுத்த திரை ஒருமுறை சிமிட்டியது போலிருந்தது. போச்சு. எல்லாம் போச்சு. “இருவத்திரண்டு.” இல்லை. வெளுப்பு அப்படியே நின்றது. “இருவத்திமூணு.”

இரண்டாவது அழைப்பு போய்விட்டது. இனி யார் தடுத்தாலும் நாற்பது தாண்டாமல் இது எழுந்திருக்காது. ஒரு பொல்லாத சந்தோஷம் அவளுக்குள் பொங்கியது, சிரித்துவிடுவோமோ என்று உதட்டைக் கடித்தாள். தப்பு வேலை செய்கிறது என்று ஒருத்தி சந்தோஷப்படுவதை இந்த ஊரில் எங்கே பார்ப்பது, அதுவும் தான் ஒப்புதல் போட்ட தப்பு. வெள்ளிங்கிரி இப்போது மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாவம், அவருக்கு விபத்துத் தேதியின் பதிவைக் காட்டியிருக்க வேண்டும். அதில் ‘நிறுத்து’ ஒரு முறை இல்லை, ஒன்பது முறை இருந்தது. ஒன்பதுக்கும் ஒரே நேரம், ஐம்பதாவது நொடி. பயந்துபோய்க் கடைசியில் படபடவென்று அழுத்தியிருக்கிறான் என்று அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கம் சொல்கிறது. ஒரு நொடியில் ஒன்பது முறை அழுத்த அவர் விரலென்ன தையல் மெஷின் ஊசியா? அந்த ஒன்பதையும் பார்த்தபோது அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்தது. காலையில் பள்ளிக்கூட கேட்டில் பி.டி. மாஸ்டர் ஒருத்தர்தான் வந்த நேரத்தைக் குறிக்கிற நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார். ஒருநாள் பிள்ளைகளெல்லாம் நேரத்துக்கு வந்து வரிசையில் நிற்கிறோம், மாஸ்டர் எதிர்க்கடையில் யாரோடோ பேச்சு சுவாரஸ்யத்தில் இருக்கிறார். திரும்பி வந்து மணியைப் பார்த்தார், ஒன்பது பத்து. இருபத்துமூன்று பேர் பெயருக்கு நேராகவும் ஒன்பது பத்து என்று எழுதினார். இருபத்துமூன்று பெண்கள், ஐந்து ஊரிலிருந்து, ஒரே நிமிஷத்தில் எப்படி வந்து குதித்தார்கள் என்று ஹெட்மிஸ்டரஸ் கேட்கவில்லை. எல்லோரும் வெயிலில் முட்டி போட்டோம். மணல் குத்தின முட்டி. அன்றைக்கும் அவள் எதுவும் சொல்லவில்லை. நோட்டில் எழுதியிருப்பது வந்த நேரமல்ல, மாஸ்டர் தலை நிமிர்ந்த நேரம். இந்தப் பதிவிலும் அதேதான், பட்டனை அழுத்திய நேரமல்ல, அழுத்தியதைக் கவனிக்க உள்ளே ஆள் திரும்பிய நேரம். நேரத்தை எழுதுகிற வரியை புரோகிராமில் அந்த இடத்தில் வைத்தது யார் என்று கேட்டால் அதுவும் பூங்கோதைதான், நாலு வருஷத்துக்கு முன்னால், யோசிக்காமல். வேலை செய்கிற இடத்திலேயே மணியைப் பார்த்து எழுதிக்கொள்வோம் என்று எல்லோரும் செய்கிறதையே அவளும் செய்தாள், அழுத்திய நேரம் விண்டோஸிடம் தனியாகக் கேட்டால் கிடைக்கும், கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“முப்பத்தொண்ணு.” அங்கமுத்துவின் குரல் இறங்கிவிட்டது, தனக்குத்தானே எண்ணுகிறவர் மாதிரி. டிரம் நிரம்பி வழிய ஆரம்பித்தது, தண்ணீர் தரையில் ஓடி ஜெயசீலன் சாரின் பளபளப்பான ஷூவைத் தொட்டது, அவர் நகர்ந்துகொண்டார். நகராதே, நில்லு என்று அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மாராத்தாளால் நகர முடியவில்லை, பின்னால் துணி வண்டி. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாள், யாரிடமும் சொல்லாமல், ஒரு டஜன் வாழைப்பழத்தோடு. தீக்காய வார்டில் மின்விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. “நீங்க யாருங்க அம்மிணி?” என்று மாராத்தாள் கேட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும், “வெள்ளிங்கிரியண்ணன வேலைய விட்டு நிறுத்திப் போட்டாங்களாமே, அவரு கத்திக்கிட்டே அழுத்துனாருங்க, என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங்க” என்றாள். அவள் கால் எரிச்சலைச் சொல்லவில்லை, இதைத்தான் சொன்னாள். பூங்கோதை அதற்கும் தலையை ஆட்டினாள், பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள். நேற்று அம்மா போனில் சொன்னாள், நீ பாட்டுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்காதே, நாலு இடத்துல வேலைக்குக் கேட்டா உன் பழைய ஆபீஸ்லதான் முதல்ல விசாரிப்பாங்க. உண்மைதான். ஜெயசீலன் சாரை விசாரிப்பார்கள், அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வார், அந்தச் சிரிப்பு போதும். விசாரிக்கட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும். இனிமேல் என் தலை ஆடாது. இந்தத் தலை என்னுடையது, கழுத்தும் என்னுடையது, விடுதி அறையில் பத்து நொடி தூங்கச் சொல்லி நான் பார்த்தது பார்த்ததுதான், அது சின்க்ரனஸ்தான், அன்றைக்கும் சின்க்ரனஸ்தான், இன்றைக்கும் சின்க்ரனஸ்தான், நீங்கள் டெக்னிகல் மேனேஜர் ஆகிவிட்டதால் அது தனியாக எழுந்து ஓடிவிடாது சார். பயம் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது. இருக்கட்டும். பயந்துகொண்டே நிற்பேன். “முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது... நாப்பது...” என்று அங்கமுத்து எண்ணினார், “நாப்பத்தொண்ணு” என்று அவர் முடிப்பதற்குள் திரையில் நிறம் திரும்பியது, பம்பு ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது.

கூடத்தில் தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. பூங்கோதை நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பதிவைத் திறந்தாள். ‘நிறுத்து’ ஏழு முறை. ஏழுக்கும் ஒரே நொடி. அங்கமுத்து குனிந்து பார்த்தார், தன் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“அப்பறம் அமுக்கினதெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டார்.

“திரை வெளுத்த பிறகு அழுத்தினது எங்கயும் போய்ச் சேராது சார். அதுக்கு முன்னாடி அழுத்தினது வரிசைல நிக்கும். உள்ள வேலை முடிஞ்சதும் ஒண்ணா எழுதும். அன்னிக்கும் இதேதான். அவர் ரெண்டு மூணு நொடிக்குள்ள அழுத்திட்டார்.”

ஜெயசீலன் சார் சுவரை விட்டு வந்தார். குரலை உயர்த்தவில்லை. “ஓகே. ஒரு டெக்னிகல் இஷ்யூ இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இந்த கோடுக்கு ஒப்புதல் குடுத்தது யாருன்னும் சொல்லிடு பூங்கோதை.”

“நான்தான்.” சொன்ன பிறகுதான் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. “நீங்க எழுதினீங்க, நான் ஒப்புதல் போட்டேன். தப்புன்னு குறிப்பு எழுதினேன், நீங்க எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். இல்லைன்னு நீங்க சொல்லலாம். அதையும் எழுதறேன். அந்தச் சிவப்புக் குமிழோட வயரைக் கழட்டினதையும் எழுதறேன்.”

அங்கமுத்து தொண்டையைச் செருமினார். “இருங்க, இருங்க. யார் மேலயும் தப்பில்ல, தொழில்நுட்பக் காரணம்னு பொதுவா ஒரு வரி போட்டுக்கலாமே. எல்லாருக்கும் நல்லது. ஏப்பா வெள்ளிங்கிரி, உனக்கு வேலை போகாது, போதுமில்ல?”

வெள்ளிங்கிரி பூங்கோதையைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, கணக்கு உதைக்கிற இடத்தைத் தேடுகிறவர் மாதிரி பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, இது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?”

பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. நேற்றுத்தான் என்று சொல்லலாம். இப்போதுதான் உறுதியாயிற்று என்று சொல்லலாம், அது பாதி நிஜம்கூட.

“ரெண்டாவது நாளே தெரியும் அண்ணா. பதிவைப் பாத்ததுமே தெரிஞ்சுது.”

“பதினாறு நாளுங்க.” அவர் குரல் ஏறவில்லை. “ஊருக்குள்ள தல நிமிந்து நடக்கல. என்ற புள்ளையே எங்கிட்டக் கேட்டுச்சுங்க, அப்பா, நீங்க போன் பாத்துட்டு இருந்தீங்களான்னு.”

“பயந்துட்டேன் அண்ணா.”

வெள்ளிங்கிரி மேஜைமேல் கிடந்த ஸ்பைரல் அறிக்கையைப் புரட்டி, எழுதாத கடைசிப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

“அந்தப் பதினாறு நாளையுஞ் சேத்து எழுதுங்க” என்றார்.

பூங்கோதை பேனாவை வாங்கிக்கொண்டு, முதல் வரியாக அதையே எழுதினாள்.